மோரில் தோய்த்த பன்

"மை கிராண்ட்மதர் இஸ் எ மோரிபண்ட் லேடி" என்று அந்தப் பெண் சொன்னபோது, அவளுடைய பாட்டி என் வீட்டு போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரியோடு உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூவெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக நுழைவு ஆங்கிலப் பரீட்சையின் பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாகப் பேச வேண்டிய பகுதி, தலைப்பு 'நான் மதிக்கும் ஒருவர்'. மற்றபடி நன்றாகத்தான் பேசினாள். முடித்ததும், "மோரிபண்டுன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "வயசானவங்க, அக்கா" என்றாள், சந்தேகமே இல்லாமல். எப்படி ஞாபகம் வைத்தாய் என்றால், அதற்கு ஒரு படமே வைத்திருந்தாள். மோரி, பன், டு. பல் போன கிழவி ஒருத்தி மோரில் பன்னைத் தோய்த்துச் சாப்பிடுகிறாள். மறக்கவே மறக்காது. மறக்காதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சாகக் கிடக்கிற என்று பொருள்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது என் வீடு. நான் ஆசிரியை இல்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் ஆறாம் படிவம், சிலர் ஐந்தாம் படிவம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள், இல்லையென்றால் இன்னமும் தோட்டத்திலேயே இருப்பவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் எல்லாம் கலந்து. ஆங்கிலம் பரீட்சைக்கு மட்டும். பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட மூவெட் வேண்டும். 1999இல் வந்த பரீட்சை அது. 2021இலிருந்து மொழித்திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலுக்கு மாற்றி, பேண்ட் 1 முதல் 5+ வரை என்று ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பேண்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. பெரிய பெரிய சொல்லாகப் போட்டால் பேண்ட் ஏறும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த 'யாரோ', பெயர் வேண்டாம், பிள்ளைகள் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு டியூஷன் சென்டர். ஞாபகத் தந்திரம் வைத்து உயர்தரச் சொற்கள் கற்றுக்கொடுப்பதாகப் பேனர் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து வந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கிண்டல் செய்யலாம் என்றுதான் திறந்தேன், முடியவில்லை. சில தந்திரங்கள் அபாரம். 'ஆரிட்' என்றால் வறண்ட நிலம்: தண்ணீர் அரிது. 'பாலிட்' என்றால் வெளிறிப்போன: சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியைப் பார். 'பார்சிமோனியஸ்' என்றால் கஞ்சத்தனம்: பரிசு, மணி இரண்டும் தராதவன். 'வீனல்' என்றால் காசுக்கு விலைபோகிறவன்: வீண் ஆள். 'லொக்குவேஷியஸ்' என்றால் ஓயாமல் பேசுகிறவன்: லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டும் பேச்சை விடாத தாத்தா. இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. தமிழ்க் காது இருந்தால்தான் இது வரும்.

இது வெறும் விளையாட்டும் இல்லை. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சனும் ராவ்கும் இதே முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 120 ருஷ்யச் சொற்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு ருஷ்யச் சொல்லோடும் அதே ஓசையுள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு படம் போடச் சொன்னார்கள். மற்றக் குழு தன் பாட்டுக்குப் படித்தது. படம் போட்டவர்கள் 72 விழுக்காடு சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்துத் திடீரென்று கேட்டபோது 43க்கு 28. இரண்டு பக்கமும் நிறையவே போய்விட்டது, ஆனாலும் படம் போட்டவர்கள்தான் முன்னால். ஆக, சொல்லை உள்ளே கொண்டு சேர்க்கும் வேலையைத் தந்திரம் செய்கிறது. அதில் எனக்கு வாதம் இல்லை.

என்னைத் தொந்தரவு செய்தது மோர்தான். ஓசைக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு பொருள் என்று இரண்டு கண்ணி. நாள் போகப் போக முதல் கண்ணி கெட்டியாகிறது, இரண்டாவது நழுவுகிறது. மோர், பன், கிழவி மூன்றும் பத்திரமாக இருக்கிறார்கள். கிழவி எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் போய்விட்டது. போன இடத்தில், கிழவியைப் பார்த்து மனம் தானே ஒரு பொருளை வைத்துக்கொள்கிறது. தெரியாத சொல்லைத் தெரியாது என்று விட்டுவிடலாம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்லை யார் வந்து திருத்துவது?

இன்னொரு வம்பும் உண்டு. 'அடமன்ட்' என்றால் அடம்பிடிக்கிற. இதைவிடப் பொருத்தமான தந்திரம் கிடைக்காது. ஆனால் ஒரு பையன், அந்த ஆங்கிலச் சொல்லே தமிழ் 'அடம்' என்பதிலிருந்து போனதுதான் என்று சாதித்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு பட்டியல் வந்ததாம். அது கிரேக்கத்து 'அடமாஸ்', வெல்ல முடியாதது, 'டயமண்ட்' என்ற சொல்லும் அதிலிருந்துதான் வந்தது என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றம், நானே ஏதோ தமிழுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நிஜமாகவே ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன, அது போதாதா நமக்கு?

வேரைப் பிடித்தால்

சரி, தந்திரத்தைக் குறைத்துவிட்டு வேர்ச்சொல் வழியாகப் போவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் அலுவலகம் முழுக்க லத்தீன்தான், எனக்கும் அதில் ஓர் ஆசை. நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை புதிதும் இல்லை. இலக்கணப் பாடத்தில் பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்கள். முன்னால் ஓர் ஒட்டு, நடுவில் வேர், பின்னால் ஓர் ஒட்டு என்றதும் ஒருத்தி, "பகுபத உறுப்பிலக்கணம்தானே அக்கா" என்று முடித்துவிட்டாள்.

'மோர்' சாவு என்று ஆரம்பித்தேன். மோர்ட்டல், மார்ச்சுவரி, எங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்கப் புழங்கும் மார்ட்கேஜ். அதற்கு நேர்ப்பொருள் செத்த அடமானம். பாட்டியைப் பற்றி என்ன சொன்னாள் என்று அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு போர்ச் பக்கம் எட்டிப் பார்த்தாள். அடுத்து 'பெனெ' நல்லது, 'மால்' கெட்டது. மால்நியூட்ரிஷன், மால்ஃபங்ஷன், மாலிஷியஸ் என்று அடுக்கிக்கொண்டு போனபோது, பின்வரிசைப் பையன் கையைத் தூக்கினான். "அக்கா, அப்ப மலேசியா?" சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் அது நல்ல கேள்வி. வேர் தன் முகத்தில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மாலட்டில் இருக்கிற மால் வேறு, மலேரியாவில் இருக்கிற மால் வேறு. மலேரியா நிஜமாகவே கெட்ட காற்று, இத்தாலியச் சொல். தோட்டங்களில் நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன காய்ச்சல். காற்றால் வரவில்லை, கொசுவால் வருகிறது என்பதற்கு 1897இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுக்குள்ளேயே ஆதாரம் கண்டுபிடித்தார். பெயர் மட்டும் பழைய தப்பான நம்பிக்கையோடு அப்படியே நின்றுவிட்டது. ஒரு சொல்லின் வேர், அதை முதலில் சொன்னவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லும். இன்றைக்கு அது எதைக் குறிக்கிறது என்பதற்கு உத்தரவாதம் தராது.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. மலாய்! 'டொலெரன்ஸ்' தெரியாது என்பார்கள், 'டொலெரன்சி' தெரியும். 'இம்ப்ளிகேஷன்' கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் வரலாற்றுத் தாளில் 'இம்ப்ளிகாசி' எழுதாத பிள்ளை யார்? டிஸ்கிரிமினாசி, இன்டெக்ராசி, கொம்ப்ரெஹென்சிஃப், சிக்னிஃபிகன். ஆங்கிலக் கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களை 2000இல் ஏவெரில் காக்ஸ்ஹெட் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். கல்விசார்ந்த எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். அதை அச்சிட்டுக் கொடுத்து, மலாயில் தெரிந்ததற்கெல்லாம் கோடு போடச் சொன்னேன். தாள் நிறையக் கோடு. ஆங்கிலம் தெரியாது என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள்! இதை ஏன் ஒருவரும் இவர்களிடம் முன்பே சொல்லவில்லை என்று இன்னமும் எனக்கு எரிச்சல்தான்.

இண்டியூஸ்

அந்த மோரிபண்ட் பெண்ணின் அம்மா ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்கிறார். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போக மோட்டாரில் வந்தவர், கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "டீச்சர், இதுல என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க." தோட்டத்தில் புல் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். அதற்கான பாதுகாப்புக் குறிப்பு, இரண்டு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். மலாய்த் தாள் தீர்ந்துபோய்விட்டதாம். தாளைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். இரண்டு நகங்கள் கோணலாக, மஞ்சள் பாரித்து இருந்தன. பாராகுவாட் என்ற புல் மருந்தை அடித்த காலத்தில் வந்தது, அப்புறம் சரியாக வளரவே இல்லை என்றார். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை. நகத்துக்கு அது தெரியவா போகிறது?

தாளை நான் வாங்கவில்லை, மகளிடம் கொடுக்கச் சொன்னேன். வேர் பிடித்துப் படிக்கட்டும், பார்ப்போம் என்ற ஆசை. ஆரம்பித்தாள். 'ஹெர்பிசைட்': ஹெர்ப் செடி, சைட் கொல்வது, சூசைட், இன்செக்டிசைட் மாதிரி. "அதான் தெரியுமே, புல்லு மருந்து" என்றார் அம்மா. 'சிஸ்டமிக்': சிஸ்டம், உடம்பு முழுக்க என்று இழுத்தாள். "ஆமா, இது இலையில பட்டா வேரு வரைக்கும் போயிடும். முன்னே அடிச்சது பட்ட இடம் மட்டும்தான் கருகும், கொஞ்ச நாள்ல மறுபடி தழைச்சிடும்." எந்த அகராதியிலும் இவ்வளவு தெளிவாக இதை நான் படித்ததில்லை. 'டெர்மல்': ஆஸ்பத்திரிப் பலகையில் டெர்மட்டோலோகி, தோல். 'இன்ஹலேஷன்': தம்பியின் இன்ஹேலர், மூச்சு. 'அக்வாட்டிக்': அக்வாரியம், தண்ணீரில் இருக்கிற உயிர்கள். தண்ணீர் உயிர்களுக்கு நச்சு, பாதிப்பு நெடுநாள் நீடிக்கும் என்று அவள் கோத்துச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார். "அப்ப டப்பாவைக் கால்வாய்ல கழுவக் கூடாதா?" எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. முன்பின் பார்த்திராத சொற்கள், ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

அப்புறம் முதலுதவிப் பகுதி வந்தது. தவறி விழுங்கிவிட்டால்: "டூ நாட் இண்டியூஸ் வாமிட்டிங்." நின்றாள். உதடு அசைகிறது, பிரிக்கிறாள் என்று தெரிந்தது. "டியூஸ்னா இழுக்கிறது, கூட்டிக்கிட்டுப் போறது. ரெடியூஸ், இன்ட்ரொடியூஸ். 'இன்'னா உள்ளே. வாந்தியை உள்ளே இழுக்கக் கூடாது... அதாவது அடக்கக் கூடாது. எப்படியாவது எடுத்திடணும்."

கணக்கு சரி, விடை நேர் எதிர். சில மருந்துகள் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும், நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னும் மோசம். அதனால்தான் டாக்டர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதே என்று போட்டிருக்கிறார்கள். நான் திருத்த வாயெடுப்பதற்குள் அம்மா கேட்டார், "இண்டியூஸா? நல்லாப் பாரு, இண்டியூஸ்னா போட்டிருக்கு?" ஆமாம் என்றாள் மகள். "உன்னைப் பெத்தப்ப என்னை இண்டியூஸ் பண்ணாங்க. நாள் தாண்டிப் போயும் வலி வரலை. மிஸ்ஸி ட்ரிப் ஏத்தி வலியை வர வச்சாங்க. தானா வராததை வர வைக்கிறதுதான் இண்டியூஸ். அப்ப வாந்தியை வர வைக்காதேன்னு போட்டிருக்கான். வாய்ல விரலை விடாதேன்னு மண்டோரும் சொல்லியிருக்காரு."

மகளுக்கு எத்தனை வயதோ அத்தனை வருடமாக அந்தச் சொல் இந்த அம்மாவிடம் இருந்திருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாது, பேண்ட் என்னவென்று தெரியாது. ஆனால் எதோடு சேர்ந்து வரும், யார் யாருக்குச் செய்வது, தானாக நடப்பதற்கும் நடக்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. ஆங்கில வாத்தியார்கள் சூழல் என்றும் சொற்சேர்க்கை என்றும் எதைச் சொல்லித் தலையால் தண்ணீர் குடிக்கிறார்களோ, அது பிரசவ வார்டில் ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது.

இதை வைத்து, படிப்பே வேண்டாம், அனுபவம் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கால்வாய் விஷயம் மகள் படித்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. பொருள் தெரிந்த பிறகு வேரும் அழகாக உட்கார்ந்துகொண்டது: வலியைக் கைப்பிடித்து உள்ளே கூட்டி வருவது. ஆனால் பிறகுதான். முன்கூட்டியே வேரை வைத்துப் பொருளைக் கணக்குப் போட்டால் ஊகம்தான் கிடைக்கும், ஊகத்தைச் சரிபார்க்க அந்தச் சொல்லை எங்கேயாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் எதையும் சந்திக்காதவர்கள் என்று நினைத்துத்தான் டியூஷன் சென்டரும் சொல்லிக்கொடுத்தது, நானும் சொல்லிக்கொடுத்தேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் எங்கே காதில் விழப் போகிறது என்ற எண்ணம். மருந்து டப்பாவில் இருக்கிறது, கிளினிக்கில் இருக்கிறது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பாரத்தில் இருக்கிறது, பேங்கிலிருந்து வருகிற கடிதத்தில் இருக்கிறது.

தாள் கொண்டு வருகிறார்கள்

இப்போது பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு தாளோடு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு இது வருமா என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தாள் அப்படியே வராது, அதிலுள்ள சொல் வரும் என்றேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. தந்திர நோட்டையும் நான் தூக்கிப் போடவில்லை. 'பார்சிமோனியஸ்' என்ற சொல்லை இந்த ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வாய்ப்பில்லை, அதற்குப் பரிசு மணிதான் கதி. ஆனால் ஒரு நிபந்தனை. படத்துக்குப் பக்கத்தில், அந்தச் சொல் வருகிற நிஜமான வாக்கியம் ஒன்று, செய்தித்தாளிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்து எழுதியிருக்க வேண்டும். சொந்தமாக உண்டாக்கிய வாக்கியம் செல்லாது.

'மோரிபண்ட்' அப்படித் தேடப்பட்டது. பார்த்தால், மனிதர்களைவிடத் தொழில்களுக்கும் வழக்கங்களுக்கும் மொழிகளுக்கும்தான் அது அதிகம் வருகிறது. அந்தப் பெண்ணிடம், நம் பக்கத்தில் அப்படி எது என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஈயம் என்றாள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை விழுந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கில் லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், ஒவ்வொன்றாக மூடிய கதை அவளுக்குப் பாட்டி சொல்லித் தெரியும். கிந்தாவின் மோரிபண்ட் ஈயத் தொழில் என்று எழுதிக்கொண்டு வந்தாள், கச்சிதம். மோரும் பன்னும் இன்னமும் மனதில் வருகிறதா என்றால் வருகிறதாம். வந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் பின்வரிசைப் பையன், அந்த மலேசியாக்காரன், ஒரு மோட்டார் தவணை ஒப்பந்தம் கொண்டு வந்தான். மாமாவுடையது. 'ரீபொசஸ்' என்ற இடத்தில் நான் விளக்க ஆரம்பித்தபோது எல்லாரும் ஒரே குரலில் "இழுத்துக்கிட்டுப் போறது" என்றார்கள். எப்போது இழுக்கலாம், எப்போது கூடாது என்பது தெரியவில்லை. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டப்படி முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இரண்டு மாதம் தொடர்ந்து கட்டாமல் இருந்தால்தான் அதையும் கொடுக்கலாம் என்றேன். அவசர அவசரமாக எழுதிக்கொண்டார்கள், மூவெட்டுக்கு இவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் 'கேரண்டர்' என்று ஒரு கட்டம், அதில் அவன் அப்பாவின் கையெழுத்து. மாமா இரண்டு மாதமாகக் கட்டவில்லையாம். அந்தச் சொல்லை இந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.